கண்ணீர்த் துளியில் தொடங்கிய தேடல்: அலெக்சாண்டர் பிளெமிங்கும் நாம் பாதியில் நிறுத்தும் குளிசைகளும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களில் ஏதேனும் ஒரு மருந்துக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் நாம் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. தொண்டை நோவோ காய்ச்சலோ கண்ட ஒருவர், வைத்தியரின் சிட்டை எதுவுமின்றி வருவார். முன்னொரு தடவை உண்டு மிஞ்சிய குளிசை அட்டையைக் காட்டி, இதில் நாலு போதும் என்பார். சில கடைகளில் மறுத்துவிடுவார்கள். சில கடைகளில் வெட்டிக் கொடுப்பார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் எஞ்சிய குளிசை அலுமாரிக்குள் போய்விடும். ஏறாவூரானாலும் செங்கலடியானாலும், காத்தான்குடியானாலும் களுவாஞ்சிகுடியானாலும் இவ்வழக்கத்துக்கு இன, மத பேதம் கிடையாது. இதை எழுதும் நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு செய்தவர்களே.

இந்த நாலு குளிசை மனிதரை 1945 ஆம் ஆண்டிலேயே ஒருவர் அடையாளம் கண்டு உலகுக்கு அறிவித்திருந்தார். அவர் வேறு யாருமல்லர், பெனிசிலினைக் கண்டறிந்த சேர் அலெக்சாண்டர் பிளெமிங்தான். அவருடைய பெயரைப் பாடசாலை மாணவர்கள் அனைவரும் அறிவர். ஆனால் பெனிசிலினுக்கு ஏழாண்டுகள் முன்னரே அவர் மற்றொன்றைக் கண்டறிந்தார் என்பதும், உலகம் பொருட்படுத்தாது விட்ட அந்த முதற் கண்டுபிடிப்பு சுட்டிய பாதையில்தான் இன்று பெனிசிலின் போன்ற மருந்துகள் தோற்கும் இடங்களில் ஆய்வாளர் விடை தேடுகின்றனர் என்பதும் அவ்வளவாக அறியப்படாத செய்திகளாகும்.

பிளெமிங் 1881 ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எயர்ஷயர் பகுதியில், டார்வெல் என்னும் சிற்றூருக்கு அண்மையில் உள்ள ஒரு மேட்டுநிலப் பண்ணையில் பிறந்தார். தந்தையார் ஹியூ பிளெமிங்கின் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் நால்வரில் அவர் மூன்றாமவர். ஏழு வயதில் தந்தையை இழந்தார். பதின்மூன்று வயதளவில் இலண்டனுக்கு வந்து அண்ணன்மாருடன் தங்கிச் சிறிது படித்தார்; பின்னர் ஒரு கப்பற் கம்பனியில் நான்கு ஆண்டுகள் எழுதுவினைஞராகக் காலங்கழித்தார். திருமணமாகாத சிறிய தந்தையார் ஒருவர் இறந்தபோது அவருடைய சொத்தில் ஒரு பங்கு கிடைக்க, வைத்தியராக இருந்த அண்ணன் அதைப் படிப்பிற் போடுமாறு தூண்டினார். இலண்டனிலிருந்த வைத்தியக் கல்லூரிகள் பலவற்றுள் சென்ற் மேரிஸ் கல்லூரியை அவர் தெரிவு செய்தமைக்குக் காரணம், அதன் மாணவர்களுக்கு எதிராக ஒரு தடவை நீர்ப்பந்து ஆடியிருந்தமைதான் என்பர். 1906 இல் தேறியபின் அங்கேயே நிலைத்தமைக்குச் சொல்லப்படும் காரணமும் இதற்குச் சளைத்ததன்று. கல்லூரியின் துப்பாக்கி சுடும் கழகத்தினருக்கு அவரைப் போன்ற குறிபார்ப்பவரை இழக்க மனமில்லை. அதனால் அல்ம்ரோத் ரைட் என்னும் பேராசிரியரின் தடுப்பூசிப் பிரிவில் அவருக்கு ஓர் இடம் தேடிக் கொடுத்தார்கள். மருத்துவ வரலாற்றின் போக்கையே மாற்றிய நியமனம் ஒன்று இப்படியும் நடந்திருக்கிறது.

முதலாம் உலகப் போரின்போது பிளெமிங் பிரான்சின் பூலோன் நகரிலிருந்த இராணுவ வைத்தியசாலையில் பணியாற்றினார். யுத்தம் என்பது என்னவென்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. குண்டுச் சிதறலோடு சேறும் துணியும் காயத்தின் ஆழத்துக்குள் சென்று சீழ்பிடிக்கும். போர்முனையில் தப்பியவர் கட்டிலில் இறப்பார். வைத்தியர்கள் காயங்களுக்குள் காபோலிக் அமிலம் முதலிய கிருமிநாசினிகளை ஊற்றினார்கள். இவை காயத்தின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் பற்றீரியாக்களை எட்டுவதில்லை என்பதையும், அவற்றை எதிர்க்க ஓடிவரும் வெண்குருதிக் கலங்களையே முதலில் கொன்றுவிடுகின்றன என்பதையும் பிளெமிங் பரிசோதனை மூலம் காட்டினார். பலர் ஏற்கவில்லை, ஊற்றுவதை நிறுத்தவுமில்லை. கிருமியைக் கொல்லும் ஆனால் மனிதனின் கலங்களைக் கொல்லாத ஒரு பொருள் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டு அகலாமைக்கு இவ்வனுபவமே காரணம் எனலாம்.

1921 நவம்பரில் அவருக்குத் தடிமன் பிடித்திருந்தது. தமது மூக்குச் சளியையே எடுத்து, பற்றீரியா வளர்க்கும் கிண்ணத்தில் இட்டுப் பார்த்தார். சில நாட்களின் பின்னர் மஞ்சள் நிறப் பற்றீரியாத் திட்டுகள் கிண்ணமெங்கும் செழித்திருக்க, சளி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் அவை கரைந்து கண்ணாடி போலத் தெளிந்திருந்தன. சளியில் இருப்பது கண்ணீரில் இராதா என்று பார்த்தார், இருந்தது. பற்றீரியா கலங்கிய நீரில் ஒரு துளி கண்ணீர் விட்டதும் சிறிது நேரத்திலேயே நீர் தெளிந்தது. அதன் பின்னர் அந்த ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தவர் எவரும் கண்ணீர் சிந்தாது வெளியேற முடியவில்லை. எலுமிச்சம்பழத் தோலைக் கண்ணருகே பிழிந்து துளி துளியாகச் சேகரித்தார்கள். ஏவல் பணியாளருக்குக் கண்ணீருக்கு இவ்வளவு என்று சில்லறை கொடுக்கப்பட்டதாகவும் கூறுவர். வாவிக்கரை மக்களாகிய நாம் 1990 ஆம் ஆண்டையும் 2004 ஆம் ஆண்டையும் கண்டவர்கள். கண்ணீருக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று படிக்கும்போது நமது மனம் ஒரு கணம் தடுமாறுவதை மறைப்பதற்கில்லை.

உமிழ்நீர், தாய்ப்பால், குருதி என்று தேடிய இடமெல்லாம் அப்பொருள் காணப்பட்டது. மிகுதியாக இருந்த இடம் கோழி முட்டையின் வெண்கரு. கிரேக்கச் சொற்களில் மோகங்கொண்ட ரைட் அதற்கு லைசோசைம் எனப் பெயரிட்டார். அது ஒரு புரதம். பற்றீரியாவின் கலச்சுவரை வெட்டும் நொதியம். 1922 இல் பிளெமிங் இதனை றோயல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். அதற்கு முன்னரே வைத்திய ஆய்வாளர் கழகம் ஒன்றில் வாசித்தபோது கேட்டிருந்தவர்கள் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை. பிளெமிங் மேடையில் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பவர் என்பது ஒரு காரணம். லைசோசைம் கரைத்தது பெரும்பாலும் தீங்கற்ற பற்றீரியாக்களையே, ஆட்கொல்லிகளை அது அசைக்கவில்லை என்பது வலுவான காரணம். அவர் மட்டும் சளைக்காது பல ஆண்டுகள் அதன் பின்னால் அலைந்தார்.

1928 செப்டெம்பரில் நடந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. விடுமுறை கழிந்து வந்தபோது, கழுவாது விட்டிருந்த கிண்ணமொன்றில் பங்கசு படிந்து, அதனைச் சூழவிருந்த பற்றீரியாக்கள் கரைந்திருந்தன. வேறொருவராயின் கழுவியிருப்பார். கண்ணீர் பற்றீரியாவைக் கரைப்பதை ஏழாண்டுகளுக்கு முன் கண்டவருக்கு அத்தெளிந்த வட்டம் புதிதன்று. தற்செயலான அதிர்ஷ்டம் என்று பலரும் எழுதுகின்றனர். லைசோசைமோடு கழித்த ஆண்டுகளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெனிசிலினை மருந்தாக்கியவர் பிளெமிங் அல்லர். 1929 இல் கட்டுரை வெளியிட்டபின், அதனைப் பிரித்தெடுக்க இயலாது ஏறக்குறையக் கைவிட்டார். ஒக்ஸ்போர்டில் அவுஸ்திரேலியரான ஹோவர்ட் புளோரியும், ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த யூதரான ஏர்ன்ஸ்ட் செயினும், நோர்மன் ஹீற்லி முதலியோரும்தான் அவ்வேலையைச் செய்து முடித்தனர். அவர்களை இத்துறைக்குள் இழுத்து வந்ததும் லைசோசைமே. அதனை ஆராய்ந்துகொண்டிருந்த செயின், பற்றீரியாவைக் கொல்லும் இயற்கைப் பொருட்களைப் பற்றி நூலகத்தில் தேடியபோதுதான் பிளெமிங்கின் பழைய பெனிசிலின் கட்டுரை கண்ணிற் பட்டது. 1940 மே 25 ஆம் திகதி எட்டு எலிகளுக்குக் கொடிய பற்றீரியா ஏற்றப்பட்டது. பெனிசிலின் பெற்ற நான்கு எலிகள் மறுநாட் காலை உயிரோடிருந்தன; பெறாத நான்கும் இறந்துகிடந்தன. 1941 பெப்ரவரியில் முதலாவதாகச் சிகிச்சை பெற்ற ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் ஐந்து நாட்களில் தேறிவந்தார். ஆனால் இருந்த மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து மீட்டெடுத்து மீண்டும் ஏற்றியும் போதவில்லை, மறுமாதம் இறந்துபோனார். சிகிச்சை பாதியில் நின்றால் நேர்வது என்ன என்பதை அந்த முதல் நோயாளியே காட்டிச் சென்றார்.

இவ்விடத்தில் ஒரு கட்டுக்கதையையும் களைந்துவிடுவோம். சேற்றில் மூழ்கிய சிறுவன் சேர்ச்சிலைப் பிளெமிங்கின் தந்தையார் காப்பாற்றினார், நன்றிக்கடனாகச் சேர்ச்சில் குடும்பத்தினர் பிளெமிங்கைப் படிப்பித்தனர், பின்னர் பெனிசிலின் சேர்ச்சிலைக் காத்தது என்று ஒரு கதை நமது சஞ்சிகைகளிலும் மின்னஞ்சல்களிலும் உலவி வந்தது. பிளெமிங்கே அதனை மறுத்தார். அவர் படித்தது சிறிய தந்தையாரின் பணத்தில். 1943 இல் நியுமோனியா கண்ட சேர்ச்சிலுக்குக் கொடுக்கப்பட்டது சல்பா வகை மருந்து.

1944 இல் சேர் பட்டமும், 1945 இல் புளோரி, செயின் ஆகியோருடன் நோபல் பரிசும் பிளெமிங்கை அடைந்தன. நாம் ஆரம்பத்திற் குறிப்பிட்ட மனிதர் தோன்றுவது இங்கேதான். 1945 டிசெம்பர் 11 ஆம் திகதி ஸ்டொக்ஹோமில் நிகழ்த்திய நோபல் உரையின் முடிவில் பிளெமிங் ஒரு கற்பனைக் குடும்பத்தை முன்னிறுத்தினார். பெயரற்ற ஒரு கணவருக்குத் தொண்டை நோவு. பெனிசிலின் வாங்கித் தாமாகவே உண்கிறார், ஆனால் கிருமிகளைக் கொல்லப் போதாத அளவே உண்கிறார். எஞ்சிய கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. அவை மனைவியைத் தொற்ற, அவருக்கு நியுமோனியா காண்கிறது. வைத்தியர் பெனிசிலின் ஏற்றுகிறார்; கிருமிகள் அசையவில்லை; மனைவி இறந்துவிடுகிறார். அம்மரணத்துக்குப் பொறுப்பாளி யார் எனக் கேட்டு, கணவரையே பிளெமிங் சுட்டினார். பரிசு பெற வந்த மேடையில் தமது மருந்தின் முடிவைப் பற்றிப் பேசத் துணிந்தவர்கள் அதிகம் பேர் இரார்.

அது வெறும் ஊகமுமன்று. முதல் நோயாளிக்கு ஊசி ஏற்றுவதற்கு முன்னரே, 1940 டிசெம்பரில், பெனிசிலினைச் சிதைக்கும் நொதியமொன்றைச் சில பற்றீரியாக்கள் சுரப்பதை ஏப்ரகாமும் செயினும் அறிவித்திருந்தனர். 1961 இல் பெனிசிலினின் வலிமையான வாரிசான மெதிசிலினுக்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் அறியப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது 2022 இல் வெளியான பேராய்வொன்றின் கணிப்பு.

பிளெமிங்கின் உரையிலுள்ள கணவர் நமது ஊரில் எந்தெந்த வேடத்தில் வருகிறார் என்பதைச் சிந்தித்தல் தகும். காசு போதாமையால் பாதி வாங்குபவர் ஒருவர். காய்ச்சல் விட்டதும் நிறுத்துபவர் இன்னொருவர். தடிமனுக்கும் சாதாரண வைரசுக் காய்ச்சலுக்கும் இம்மருந்துகள் எவ்விதப் பயனும் தருவதில்லை என்பதை அறியாது வற்புறுத்தி வாங்குபவர் வேறொருவர். றமழான் மாதத்தில் ஸஹர் முதல் இப்தார் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் குளிசை தொண்டையில் இறங்காது; நாளுக்கு மூன்று வேளை மருந்து இரண்டாகிவிடும். கந்தசஷ்டி விரதகாரரும் இதே தவறைச் செய்வதுண்டு. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பது மார்க்கம் அறிந்தோர் யாவருக்கும் தெரியும். நோன்பை விட மனமில்லாதவர் அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொன்னால், பல தொற்றுகளுக்கு ஒரு வேளை அல்லது இரு வேளை உண்ணும் மருந்தையே அவர் தெரிவு செய்ய முடியும். சொல்லாமல் ஒரு வேளையைக் கைவிடுவதுதான் ஆபத்து.

பிளெமிங்கின் இறுதி ஆண்டுகள் புகழிலும் பயணங்களிலும் கழிந்தன. 1949 இல் மனைவி சாரா காலமானார். 1953 இல் தமது ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கிரேக்க நாட்டு ஆய்வாளர் அமலியாவை மணந்தார். 1955 மார்ச் 11 ஆம் திகதி இலண்டனிலுள்ள தமது இல்லத்தில் மாரடைப்பால் உயிர்நீத்தார். புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1965 இல், இலண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் கோழி முட்டை லைசோசைமின் முப்பரிமாண வடிவத்தை வரைந்தனர். உலகில் இவ்வாறு வடிவம் அறியப்பட்ட முதல் நொதியம் அதுவே. 129 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது.

இத்தகைய மாலை குறுகியதாக, ஐம்பதுக்கும் குறைந்த மணிகளோடு இருந்தால் அதனைப் பெப்டைட்டு என்பது வழக்கம். உயிர்கள் பலவும் தம்மைக் காக்க இவற்றைச் சுரக்கின்றன. 1981 இல் சுவீடனில் ஹான்ஸ் போமன் ஒரு பட்டுப்பூச்சி இனத்தின் குருதியிலும், 1987 இல் அமெரிக்காவில் மைக்கல் சாஸ்லொவ் ஒரு தவளையின் தோலிலும் பற்றீரியாவைக் கொல்லும் பெப்டைட்டுகளைக் கண்டறிந்தனர். நமது தோலிலும் குடலிலும் அவை உண்டு. பெனிசிலின் கண்டறியப்பட்ட அதே 1928 இல், பாலைப் புளிக்க வைக்கும் பற்றீரியா ஒன்று பிற பற்றீரியாக்களை அடக்குவதை அமெரிக்க ஆய்வாளர் இருவர் கவனித்தனர். அது சுரக்கும் நைசின் என்னும் பெப்டைட்டு பின்னர் பாற்கட்டி கெடாதிருக்கச் சேர்க்கப்படலாயிற்று. முட்டியில் தயிர் தோய்க்கும் மட்டக்களப்பாருக்குப் பால் புளிப்பது புதிய செய்தியன்று, அதற்குள் இப்படியொரு யுத்தம் நடப்பது புதிதாயிருக்கலாம்.

பெனிசிலின் பற்றீரியாவின் சுவரைக் கட்டும் மேசனின் கையைப் பிடிக்கிறது என்று கொண்டால், லைசோசைம் கட்டி முடித்த சுவரை இடிக்கிறது. பெப்டைட்டுகளிற் பல சுவருக்கு உள்ளேயுள்ள மென்சவ்வைத் துளைப்பவை. அவை நேர்மின்னேற்றம் உடையவை, பற்றீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது, ஆகவே ஒட்டிக்கொள்கின்றன. தனியொரு பூட்டை மாற்றுவது போல மென்சவ்வு முழுவதையும் மாற்றியமைப்பது பற்றீரியாவுக்கு எளிதன்று என்பதே ஆய்வாளரின் நம்பிக்கை. மற்றொரு வழியும் உண்டு. பொலிமிக்சின் என்னும் பெப்டைட்டு மருந்து 1947 இல் அறியப்பட்டது. 1983 இல் பின்லாந்தின் வாரா சகோதரர்கள் அதன் கொழுப்பு வாலை நீக்கினர். எஞ்சிய துண்டு தானாகப் பற்றீரியாவைக் கொல்லவில்லை. ஆனால் அதன் வெளிச்சவ்வைத் தளர்த்தி, முன்னர் உள்ளே நுழைய முடியாதிருந்த பழைய மருந்துகளுக்கு வாசலைத் திறந்துவிட்டது. செயலிழந்த மருந்தை மீண்டும் செயற்பட வைக்கும் துணைவனாகப் பெப்டைட்டைப் பயன்படுத்தும் எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற்றது.

ஆயினும் இது மந்திரக்கோல் அன்று. பெப்டைட்டுகள் குடலிலும் குருதியிலும் விரைவில் சிதைபவை. செய்வதற்குச் செலவு மிக்கவை. சில சிறுநீரகத்தைத் தாக்குபவை. பொலிமிக்சினின் உறவான கொலிஸ்டின் அக்காரணத்தாலேயே பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டு, வேறு வழியற்ற நிலையில் மீண்டும் அழைக்கப்பட்டது. அதனையும் கால்நடைத் தீவனத்தில் தாராளமாகக் கலந்தார்கள். விளைவு, பற்றீரியா தன் மேற்பரப்பின் மின்னேற்றத்தையே மாற்றிக்கொள்ள உதவும் மரபணுவொன்று 2015 இல் சீனாவில் பன்றிகளிலும் நோயாளிகளிலும் காணப்பட்டது. அது ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. பிளெமிங் சொன்ன கணவர் இம்முறை பண்ணைக்காரராக வந்திருக்கிறார். தவளைப் பெப்டைட்டிலிருந்து செய்யப்பட்ட களிம்பு மருந்தை, ஏற்கனவே உள்ளவற்றிலும் மேலானதென நிறுவப்படவில்லை என்று கூறி 1999 இல் அமெரிக்க அதிகாரிகள் நிராகரித்தனர். மறுபுறம், டப்ரோமைசின் என்னும் கொழுப்பு வால் கொண்ட பெப்டைட்டு மருந்து 2003 இல் அங்கு அனுமதி பெற்று உயிர்களைக் காத்து வருகிறது.

லைசோசைமையும் ஆய்வாளர் மறக்கவில்லை. அப்புரதத்தை வெட்டிப் பெறும் சிறு பெப்டைட்டுத் துண்டுகள், சுவரை வெட்டும் வேலையை இழந்தபின்னரும், மென்சவ்வைத் துளைத்துப் பற்றீரியாவைக் கொல்வது 1990 களிலிருந்து காட்டப்பட்டு வருகிறது. முழு லைசோசைமுக்கு அசையாத சில பற்றீரியாக்களும் இத்துண்டுகளுக்கு அடங்குகின்றன. கோழி முட்டையின் வெண்கருவிலிருந்து எடுக்கப்படும் இத்துண்டுகள் ஆய்வுகூடக் கிண்ணங்களைக் கடந்து மருந்துக் கடையின் தட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.